எழுதும் இடத்திலேயே நாட்காட்டி: திகதிக் குறுக்குவிசைகள்

கண்டியை அடுத்த அம்பிட்டியவில் ஒரு மரண உதவிச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவர் வருடம் முழுவதும் எழுத வேண்டிய திகதிகளை நினைத்துப் பாருங்கள். போயா விடுமுறையில் கூடிய கூட்டம், சந்தா கட்டிய நாள், மரணம் நிகழ்ந்த நாள், உதவிப்பணம் கொடுத்த நாள், அந்தியேட்டி, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் அனுப்பிய நாள், பதில் வந்த நாள். ஒரு திகதி பிழைத்தால் சந்தா கட்டியவர் கட்டாதவராகிவிடுவார். அப்படியிருந்தும் நம்மில் பலர் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எட்டிப் பார்த்துத் திகதியைக் கையால்தான் அடிக்கிறோம். இன்றைய திகதி கணினிக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கும் வழிகளையும், வாங்கியதை எப்படி எழுதிவைப்பது என்பதையும் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் வரிசை

குறுக்குவிசைக்குப் போகுமுன் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். திகதியை எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், ஆண்டுக்கு நான்கு இலக்கம், மற்றவற்றுக்கு இவ்விரண்டு இலக்கமாக எழுதுங்கள்: 2023-08-30. 04/02 என்று எழுதினால் நமக்கு அது சுதந்திர தினம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு ஏப்ரல் 2. ஆண்டை முன்னால் வைத்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும் இதையே சொல்கிறது. நமக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. இலங்கை அரச காரியாலயக் கடிதங்களில் 2023.08.30 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வரிசையின் உண்மையான பலன் கோப்பு வளரும்போது தெரியும். ஊர் வரலாறு தொகுக்கும் ஒருவர் கையில் கிடைத்த ஒழுங்கில் இப்படிக் குறிப்பெடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1955 பாப்பரசர் குருமடம் அம்பிட்டியவிலிருந்து பூனாவுக்கு மாறியது
1998-01-25 தலதா மாளிகை மீது குண்டுத் தாக்குதல்
1815-03-02 கண்டி ஒப்பந்தம்
1893 பாப்பரசர் 13ஆம் லியோ இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகக் கண்டியில் குருமடத்தை நிறுவினார்
1867 கண்டிக்கு ரயில் வந்தது
1988 கண்டி உலக மரபுரிமை நகரானது

வரிகளை எல்லாம் தெரிவுசெய்து, நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வரிகளை ஏறுவரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால், 1815 மேலே ஏறி 1998 கீழே போய் அமர்ந்துவிடும். மென்பொருளுக்கு வரலாறு தெரியாது. எழுத்துவரிசைப்படி அடுக்குகிறது, அது காலவரிசையாகவே வந்துவிடுகிறது. நாளை முன்னால் எழுதியிருந்தால் 25ஆம் திகதிகள் எல்லாம் நூற்றாண்டு பாராமல் ஒன்றாகக் குவிந்திருக்கும்.

மேலே சில வரிகளில் ஆண்டு மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். மாதமும் நாளும் கையில் இல்லையென்றால் ஆண்டோடு நிறுத்துங்கள். இடத்தை நிரப்புவதற்காக 01-01 என்று போடாதீர்கள். பிறகு பார்ப்பவர் அதை ஜனவரி முதலாம் திகதி என்றே நம்புவார், நீங்கள் ஊகித்துப் போட்டது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.

நோட்பேடில் ஒரே விசை

விண்டோஸ் நோட்பேடைத் திறந்து எஃப்5 விசையை அழுத்துங்கள். நேரமும் அதையடுத்துத் திகதியும் விழும். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தாலும் எஃப்5 வேலை செய்யும். திகதி எந்த வரிசையில் விழுகிறது என்பது விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. கடையில் வாங்கிய கணினி பெரும்பாலும் அமெரிக்க அமைப்போடுதான் வரும். கண்ட்ரோல் பேனலில் பிராந்தியம் என்ற பகுதிக்குப் போய், குறுந்திகதி வடிவத்தில் ஒய் நான்கு, சிறுகோடு, எம் இரண்டு, சிறுகோடு, டி இரண்டு என்று அடித்துச் சேமியுங்கள். எம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். ஒருமுறை மாற்றினால் கோப்புப் பட்டியலிலும் அதே வரிசைதான் வரும். கண்ட்ரோல் பேனலிலேயே நேர வலயம் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அதே நோட்பேடில் நாட்குறிப்பு வசதி ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. புதிய கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எல், ஓ, ஜி என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அடித்துச் சேமியுங்கள். அடுத்த தடவையிலிருந்து அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கடைசி வரியில் அந்த நேரமும் திகதியும் தானாகவே விழுந்து, சுட்டி அங்கே காத்திருக்கும். வாசிகசாலையில் நூல் இரவல் குறிப்பு, கடையில் கடன் குறிப்பு, வீட்டில் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்த நேரம் ஆகியவற்றுக்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. இணையம் வேண்டாம், காசும் வேண்டாம்.

எக்செலில் கண்ட்ரோலோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய திகதி கட்டத்தில் விழும். விஎஸ் கோட் பாவிப்போர் திகதி மாறிகளைக் கொண்டு தாங்களே ஒரு சுருக்கெழுத்து செய்துகொள்ளலாம். இவற்றை இங்கே விரிக்கவில்லை.

தானாக மாறும் திகதி வேண்டாம்

மைக்ரோசொஃப்ட் வேர்டில் ஆல்ட், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திகதி வரும். பார்ப்பதற்கு அது மற்ற எழுத்தைப் போலவே இருக்கும். ஆனால் அது எழுத்து அல்ல, ஒரு புலம். கோப்பை மறுபடி திறக்கும்போதோ அச்சிடும்போதோ அன்றைய திகதிக்கு அது மாறிவிடும். கடிதத்தை எழுதிய நாள் தாளில் இருக்கும், கோப்பில் இருக்காது. இரண்டு வருடம் கழித்து ‘நாங்கள் அப்போதே எழுதினோமே’ என்று காட்டுவதற்குத் திறந்தால், கடிதத்தின் தலையில் இன்றைய திகதி நிற்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மலைகளில் வாழும் தமிழருக்குத் திகதி ஒரு சம்பிரதாயமாக இருந்ததே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து பல வருடம் இந்த நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது: மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம். ஒரு பிறப்புச் சான்று, ஒரு பள்ளிக்கூடப் பதிவு, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு வரி என்று திகதி போட்ட தாள்களைத் தேடி மக்கள் அலைந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியபோதும் ஒரு திகதியைத்தான் வாசலாக வைத்தது: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும். அது சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். ஆகவே ஒரு குடும்பத்துக்காகக் கடிதம் எழுதிக் கொடுப்பவர், அந்தக் கடிதத்தின் திகதி மாறாது என்பதை உறுதிசெய்துவிட்டுத்தான் கோப்பை மூட வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம். வேர்டில் செருகு பட்டியிலுள்ள திகதி, நேரம் என்ற பெட்டியைத் திறந்து, தானாகப் புதுப்பிக்கும் தெரிவை எடுத்துவிட்டுத் திகதியைப் போடுங்கள். ஏற்கெனவே புலமாக விழுந்துவிட்டால் அதன்மேல் சுட்டியை வைத்துக் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்துங்கள், வெறும் எழுத்தாகிவிடும். ஆனால் அது அந்தக் கணத்தில் காட்டும் திகதியாகத்தான் உறையும், ஆகவே பழைய கடிதமென்றால் உறையவைத்த பின் சரியான நாளைக் கையால் திருத்துங்கள். லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் நிலையான திகதி, மாறும் திகதி என்று இரண்டும் உண்டு. நிலையானதை எடுங்கள். நோட்பேட் போன்ற வெறும் எழுத்துக் கோப்பில் இந்தத் தொல்லையே இல்லை, விழுந்தது விழுந்ததுதான். பதிவேடுகளை அதில் வைக்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

ஈமேக்ஸ்: நிலவும் தெரிந்த நாட்காட்டி

இதுவரை இன்றைய திகதி. கடந்த நாளையும் வரும் நாளையும் தேட வேண்டுமானால் ஈமேக்ஸ் என்ற இலவச உரைத்தொகுப்பியைச் சொல்வேன். கற்றுக்கொள்ளச் சிறிது காலம் எடுக்கும். ஆனால் எட்வர்ட் ரெயின்கோல்ட் என்ற கணினி விஞ்ஞானி அதற்கு எழுதிய நாட்காட்டிக்கு இணையானதை வேறு எந்தத் தொகுப்பியிலும் நான் பார்க்கவில்லை.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸின் தமிழ் விசைப்பலகையை வைத்துக்கொண்டு ஈமேக்ஸ் கட்டளைகளை அழுத்தினால் அதற்குத் தமிழ் எழுத்துகள் போய்ச் சேரும், கட்டளை புரியாது. கணினியை ஆங்கில விசைப்பலகையில் விட்டுவிட்டு, ஈமேக்ஸின் சொந்தத் தமிழ் உள்ளீட்டைக் கண்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்த்து அழுத்தி இயக்குங்கள். அப்போது எழுத்து தமிழில் விழும், கட்டளை விசைகளும் கெடாது.

ஆல்ட் எக்ஸ் அழுத்தி ஆங்கிலத்தில் கேலண்டர் என்று அடித்தால் கீழே மூன்று மாதங்கள் விரியும். அம்புவிசைகள் நாளையும் வாரத்தையும் நகர்த்தும். புள்ளி அழுத்தினால் இன்றைக்குத் திரும்பலாம். ஜி, பின் டி அழுத்தினால் எந்த ஆண்டின் எந்த நாளுக்கும் போகலாம். அது என்ன கிழமை என்று உடனே தெரியும்.

இனிப் பெரிய எம். திரையிலுள்ள மூன்று மாதங்களின் அமாவாசை, பௌர்ணமி, இரு அரைநிலவுகள் எல்லாம் நேரத்தோடு பட்டியலாக வரும். போயாவை வைத்தே மாதம் நடக்கும் கண்டியில் இது மிகவும் உதவும். பெரஹராவின் பத்து நாட்களும் நிலவைப் பார்த்துத்தான் வருகின்றன. ஆனால் ஈமேக்ஸ் சொல்லும் பௌர்ணமியும் விடுமுறையான போயாவும் எப்போதும் ஒரே நாளில் விழுவதில்லை. 2023 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் இரண்டு போயா: 1ஆம் திகதி எசல, 30ஆம் திகதி நிக்கினி. நிலவு முழுமையடைந்த கணமோ 31ஆம் திகதி காலை 7 மணி கடந்து வந்தது, ஈமேக்ஸும் 31 என்றுதான் காட்டும். திதி எந்த நாளில் நிற்கிறது என்று பார்த்து விடுமுறை தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே அடுத்த வருடக் கூட்டத்தை உத்தேசமாகத் திட்டமிடப் பெரிய எம் போதும். அறிவித்தல் அச்சிடுமுன் அரச விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள்.

இதே காரணத்தால் போயாக் கூட்டத்தை ‘மாதாமாதம்’ என்றோ ‘29 நாளுக்கொரு முறை’ என்றோ எந்த மென்பொருளிலும் போடாதீர்கள். நிலவின் மாதம் சராசரி 29.53 நாள். இரண்டு கணக்கும் சில மாதங்களில் பிசகிவிடும். அரச பட்டியல் வந்ததும் அந்த ஆண்டின் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நாட்களையும் ஒரே தடவையில் ஏற்றிவிடுவதே நல்லது.

நாட்களை எண்ணுவதற்கும் இதே நாட்காட்டி. ஒரு நாளில் நின்று கண்ட்ரோலும் இடைவெளி விசையும் அழுத்தி அடையாளமிட்டு, இன்னொரு நாளுக்கு நகர்ந்து ஆல்ட்டும் சமன் குறியும் அழுத்தினால், இரண்டு நாட்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லும். மரணம் நிகழ்ந்த நாளையே முதல் நாளாக வைத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யும் வீடுகளுக்கு இந்த எண்ணும் முறை அப்படியே பொருந்தும். ஆகஸ்ட் 5இல் மரணமென்றால் 31ஆம் நாள் செப்டெம்பர் 4. ஆகஸ்டுக்கு 31 நாள் என்பதை மறந்து ஒரு நாள் தள்ளிப் பந்தல் போடும் சங்கடம் வராது. ஆண்டுத் திவசத்துக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். அது திதியைப் பார்ப்பது, ஈமேக்ஸுக்குத் தமிழ் மாதமும் திதியும் தெரியாது. அதற்குப் பஞ்சாங்கமும் குருக்களும்தான்.

பி, பின் டி அழுத்தினால் அந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்று காட்டும். இது நமக்கு எங்கே உதவும்? தேசிய அடையாள அட்டை இலக்கத்தில். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாகியது. நாள் கணக்கு அதேதான். பதிவேட்டில் ஒருவரின் பிறந்த திகதியையும் அட்டை இலக்கத்தையும் எழுதும்போது இரண்டையும் ஒத்துப் பார்த்தால் தட்டச்சுப் பிழை அங்கேயே பிடிபடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அட்டைக் கணக்கு எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்துக்கொள்கிறது. 1985 ஆகஸ்ட் 20 ஆண்டின் 232ஆவது நாள் என்று ஈமேக்ஸ் சொல்லும், அட்டையில் 233 இருக்கும், பெண்ணென்றால் 733. லீப் அல்லாத ஆண்டில் மார்ச் முதல் பிறந்தவர்களுக்கெல்லாம் இந்த ஒரு நாள் கூடுதல் வரும். பிழையென்று நினைத்துப் பிறந்த திகதியைத் திருத்திவிடாதீர்கள்.

பெரிய எஸ் அந்த நாளின் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் தரும். அட்சரேகை 7.3, தீர்க்கரேகை 80.6 என்று ஒருமுறை சொல்லிவைத்தால் கண்டிச் சுற்றுப்புறத்துக்கெல்லாம் போதும். ராகுகாலத்தை உதயத்திலிருந்து கணக்கிடுபவர்களுக்கு இது பயன்படும். கணக்கு சமதளத்துக்கு உரியது என்பதால், மேடும் பள்ளமுமான அம்பிட்டியவில் முற்றத்துக்கு வெயில் வரும் நேரத்தோடு ஒத்துப்போகாது.

நடந்ததும் நடக்கப்போவதும்

ஈமேக்ஸோடு சேர்ந்து வரும் ஓர்க் என்ற வசதி திகதியைக் குறிப்போடு இணைக்கிறது. ஓர்க் கோப்பில் கண்ட்ரோல் சி, பின் புள்ளி அழுத்தினால் நாட்காட்டி திறக்கும். ஷிஃப்டோடு அம்புவிசையை அழுத்தி நாளைத் தேர்ந்து என்டர் கொடுக்கலாம். அல்லது கூட்டல் குறி, 1, ஆங்கில டபிள்யூ என்று அடித்தால் இன்றிலிருந்து ஒரு வாரம். திகதி கூர் அடைப்புக்குள், கிழமையோடு விழும். கோப்பை நிகழ்ச்சி நிரலுக்குரிய கோப்புகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், இப்படி இட்ட நாட்களெல்லாம் நிரலில் தாமாகவே சேரும்.

புள்ளிக்குப் பதிலாக வியப்புக்குறி அழுத்தினால் சதுர அடைப்புக்குள் திகதி விழும். அது நிரலில் சேராது. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வரப்போகும் கூட்டத்துக்குப் புள்ளி, நடந்து முடிந்ததற்கு வியப்புக்குறி. எல்லாவற்றுக்கும் புள்ளியே போட்டால் கொடுத்து முடித்த உதவிப்பணமும் போய்ச்சேர்ந்த கடிதமும் நிரலில் நின்று, செய்ய வேண்டியதை மறைத்துவிடும். கையால் அடித்த திகதியின் கிழமையில் சந்தேகமென்றால் அதன்மேல் நின்று கண்ட்ரோல் சி இரண்டு தடவை, கிழமை திருத்தப்பட்டுவிடும்.

பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்வோருக்கு

நேரமும் சேர்த்து எழுதப்பட்ட பழைய பதிவுகளில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே 25இல் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே வந்தன. மீதி அரை மணியும் 2006 ஏப்ரல் 15இல் புத்தாண்டோடு பின்னே வந்து பழைய நேரம் திரும்பியது. அந்தப் பத்து வருடத்துப் பதிவேட்டில் பி.ப. 3.00 என்று இருந்தால் 3.00 என்றே அடியுங்கள், இன்றைய நேரத்துக்கு மாற்றிக் கணக்கிட வேண்டாம். இன்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பும் கூட்ட அறிவித்தலில் மட்டும் நேரத்தின் பின்னால் +05:30 என்று சேர்த்துவிடுங்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் குழம்பமாட்டார்கள்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது 1966க்கும் 1971க்கும் இடைப்பட்ட பதிவேடுகளில். அந்த வருடங்களில் இலங்கையில் ஞாயிறு வார விடுமுறை அல்ல. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமி என நிலவின் நான்கு போயாக்களும் வார விடுமுறையாகின, அவற்றுக்கு முந்திய நாள் அரைநாள். குருமடம் நின்ற அம்பிட்டியவிலும் ஞாயிறு சட்டப்படி வேலைநாள்தான். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வரவுப் பதிவேடு ஒன்றைத் தட்டச்சு செய்யும்போது, ஜி டி அழுத்திப் பார்த்த கிழமை ஞாயிறு என்று வந்தால் திகதி பிழையென்று எண்ணி அடுத்த நாளுக்குத் தள்ளிவிடாதீர்கள். மூலத்தில் உள்ளபடியே அடித்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ‘ஞாயிறு, போயா வார முறை’ என்று குறியுங்கள். அருகிலுள்ள போயா எதுவென்று பெரிய எம் காட்டும். பதிவேட்டில் ‘போயாவுக்கு முந்திய நாள், அரைநாள்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசமென்றால் மூலத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் தாளை மறுபடி ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்து இலக்கத்தை வாசியுங்கள். பழைய மையில் 1உம் 7உம் ஒன்றுபோலவே இருக்கும்.